கேமராவை வைத்துக் கணினியை இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுஸையும் கீபோர்டையும் தொடாமல், கேமரா பார்ப்பதை வைத்தே கணினிக்குக் கட்டளை கொடுக்கும் அமைப்புகளைக் கட்டுபவர்களுக்கான பக்கம் இது. கல்லூரி புராஜெக்டாகச் செய்பவர்களும் விற்பனைப் பொருளாகக் கொண்டுவர நினைப்பவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பைதானில் ஓரளவு எழுத வரும் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் புதிய தொழில்நுட்பமா?

இல்லை. மேசையில் கிடக்கும் ஆப்டிகல் மவுஸைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் வரும் ஓட்டைக்குள் இருப்பது ஒரு குட்டிக் கேமராதான். மேசைப் பரப்பைத் தொடர்ந்து படம்பிடித்து, ஒவ்வொன்றையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. 1999-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த இன்டெல்லிமவுஸ் வினாடிக்கு 1,500 படம் எடுத்தது. இயந்திரப் பார்வை இத்தனை பேர் கைக்குள் புழங்கியும் யாரும் அதை அப்படி நினைப்பதில்லை.

ஆளையே படம்பிடிக்கும் வழியும் பழையதுதான். 1970-களில் கணினிக் கலைஞர் மைரன் க்ரூகர் ‘வீடியோபிளேஸ்’ அமைப்பில் ஆளின் நிழலுருவத்தைத் திரையில் காட்டி, அந்த உருவம் திரையிலுள்ள பொருள்களைத் தொட்டு விளையாடும்படி செய்தார். 1998-இல் இன்டெலில் இருந்த கேரி பிராட்ஸ்கி, முகத்தின் நிறத்தைப் பின்தொடர்ந்து விளையாட்டை இயக்கும் முறையை வெளியிட்டார். இன்று எல்லோரும் நிறுவும் ஓபன்சிவி என்ற படப் பகுப்பாய்வு நிரல்தொகுப்பு அவர் முயற்சியில் அடுத்த ஆண்டு தொடங்கியதுதான். 2003-இல் பிளேஸ்டேஷன் விளையாட்டுக்கான சோனியின் ஐடாய் கேமரா வந்தது. 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்கான மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமரா வந்தது. இடையில் மாறியது ஒன்றுதான்: அன்று தனிக் கருவி கேட்ட வேலையை இன்று லேப்டாப் கேமராவே செய்துவிடுகிறது. 2019-இல் கை, முகம் போன்றவற்றைப் படத்தில் கண்டுபிடிக்கும் மீடியாபைப் நிரல்தொகுப்பைக் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்ட பிறகு, விரல் மூட்டுகளைக் கண்டுபிடிப்பது சில வரி நிரல் என்றாகிவிட்டது.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் கண்டுபிடிப்பதைப் பற்றிக் குறைவாகவும், கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

கை சைகையையே எடுத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், வருகிறது. முதல் மாடல் (நிறையப் படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நிரல்) அதில் உள்ளங்கை எங்கே என்று மட்டும் தேடுகிறது. விரல்கள் மடங்கும், விரியும், ஒன்றையொன்று மறைக்கும். உள்ளங்கையின் வடிவம் அவ்வளவு மாறாது. அதனால் தேடுவதற்கு அதுவே வசதி. கிடைத்த பகுதியை வெட்டி இரண்டாவது மாடலிடம் கொடுத்தால், அது 21 குறிப்புள்ளிகளைத் தருகிறது: மணிக்கட்டு 0, கட்டைவிரல் நுனி 4, ஆள்காட்டி விரல் நுனி 8. அடுத்த ஃபிரேமில் மறுபடி முழுப் படத்தையும் தேடுவதில்லை. போன ஃபிரேமில் கை இருந்த இடத்தைச் சுற்றியே பார்க்கிறது. கை தொலைந்தால்தான் முதல் மாடலுக்கு மறுபடி வேலை. சாதாரண லேப்டாப்பில் இது வேகமாக ஓடுவதற்கு இந்தத் தந்திரமும் ஒரு காரணம்.

இதுவரை நடந்தது பார்வை. இந்தப் புள்ளிகள் ஒரு கட்டளையா, சும்மா அசைவா என்று முடிவெடுப்பதும், முடிவைத் திரையில் ஆளுக்குக் காட்டுவதும் இனிமேல்தான். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்.

சாதாரண வெப்கேம் போதுமா, ஆழம் அளக்கும் கேமரா வாங்க வேண்டுமா?

மேசை முன் உட்கார்ந்து ஒருவர் பயன்படுத்தும் அமைப்புக்கு வெப்கேம் போதும். கை கேமராவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று திட்டமாகத் தெரியவேண்டும் என்றாலோ, பின்னணியில் ஆட்கள் நடமாடும் இடம் என்றாலோ ஆழக் கேமரா உதவும். முதல் கினெக்ட் அகச்சிவப்புப் புள்ளிக்கோலத்தை அறையில் வீசி, அது எப்படிக் குலைகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணித்தது. 2013-இல் வந்த இரண்டாவது கினெக்ட் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துக் கணித்தது. மூன்றாவது வழி, நம் கண்களைப் போல இரண்டு கேமரா. அகச்சிவப்பை வீசும் கருவிகளுக்கு நேர் வெயில் ஆகாது. சூரிய ஒளியிலும் அதே அகச்சிவப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: இந்தத் துறையில் வன்பொருள் அடிக்கடி நின்றுபோகும். எக்ஸ்பாக்ஸ் கினெக்டின் தயாரிப்பு 2017-இல் நின்றது. அதை நம்பிக் கட்டியவர்கள் தவித்தார்கள். முடிந்தவரை எந்தக் கேமராவிலும் ஓடும்படி எழுதுங்கள்.

மாடலை நானே பயிற்றுவிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 21 புள்ளிகளும் கையில் கிடைத்த பிறகு, மூடிய கை, விரித்த கை, கட்டைவிரல் தூக்கியது போன்றவற்றைப் பிரிக்கச் சிறிய வகைப்படுத்தி போதும். சிலவற்றுக்கு நாலு ‘இஃப்’ வரிகளே போதும். புள்ளிகளை அப்படியே கொடுக்காமல், மணிக்கட்டை மையமாக வைத்து, கையின் நீளத்தால் வகுத்துக் கொடுங்கள். இல்லையென்றால் வகைப்படுத்தி சைகையைக் கற்றுக்கொள்ளாமல், கை படத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதைக் கற்றுக்கொண்டுவிடும்.

இடதிலிருந்து வலதுக்குத் தள்ளுவது போன்ற அசையும் சைகைகளுக்கு ஃபிரேம்களின் வரிசை வேண்டும். அதற்கு ஜெஸ்டர் போன்ற தரவுத்தொகுப்புகள் உள்ளன. 27 வகை, சுமார் 1,48,000 குறுவீடியோக்கள்.

வலது கையைத் தூக்கினால் இடது கை என்கிறது. ஏன்?

படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பவில்லை. மீடியாபைப்பின் கை மாடல், படம் ஏற்கெனவே திருப்பப்பட்டது என்று எடுத்துக்கொண்டு இடம் வலம் சொல்கிறது. திருப்புவது பயனருக்கும் நல்லது. திருப்பாத படத்தைப் பார்த்துக்கொண்டு கையை நகர்த்தினால் கர்சர் எதிர்ப்பக்கம் ஓடும்.

கையை அசைக்காமல் வைத்தாலும் கர்சர் நடுங்குகிறது.

இரண்டு காரணம். மாடல் ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளியைச் சற்று இடம்மாற்றித் தருகிறது. அந்தரத்தில் நிற்கும் கையும் உண்மையிலேயே நடுங்கும். உடனே எல்லோரும் செய்வது, கடைசிப் பத்து ஃபிரேம்களின் சராசரியை எடுப்பது. நடுக்கம் நிற்கும், ஆனால் கர்சர் சேற்றில் நடப்பது போல இழுபடும்.

2012-இல் வெளியான ஒன் யூரோ ஃபில்டரைப் பயன்படுத்துங்கள். கை மெதுவாக நகரும்போது அதிகமாக வடிகட்டும், வேகமாக நகரும்போது விட்டுக்கொடுக்கும். நிரல் ஒரு பக்கம்கூட வராது. அதில் மாற்றவேண்டியவை இரண்டு எண்கள்: மெதுவான அசைவை எவ்வளவு வடிகட்டுவது என்பதற்குக் குறைந்தபட்ச வெட்டு அலைவெண், வேகத்துக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதற்குப் பீட்டா. சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பீட்டாவைப் பூஜ்யமாக வைத்து, கையை அசைக்காமல் பிடித்து, நடுக்கம் நிற்கும்வரை குறைந்தபட்ச வெட்டு அலைவெண்ணைக் குறையுங்கள். அப்புறம் கையை வேகமாக வீசிப் பார்த்து, பின்தங்கல் மறையும்வரை பீட்டாவை ஏற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கேமராவின் முழுப் பரப்பையும் திரையின் முழுப் பரப்போடு பொருத்துவதும் வேண்டாம். திரையின் மூலையைத் தொடப் போனால் கையில் பாதி படத்தைவிட்டு வெளியே போய்விடும், புள்ளிகள் சிதறும். படத்தின் நடுவில் ஒரு செவ்வகம் குறித்து, அதை மட்டும் திரையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, கிளிக் செய்யும் நொடியில் மட்டும் கர்சர் நழுவி வேறு இடத்தில் விழுகிறது.

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஒழுங்காக ஆளை உட்காரவைத்துச் சோதித்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள்.

ஆள்காட்டி விரல் நுனியைக் கர்சராக வைத்திருக்கிறீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் கிளிக். கிளிக் செய்ய அந்த ஆள்காட்டி விரல்தான் கீழே இறங்குகிறது. குறிபார்க்கும் உறுப்பையே சுடவும் வைத்தால் குறி தப்பாமல் என்ன செய்யும்? கர்சரை விரல் நுனியிலிருந்து எடுத்து ஆள்காட்டி விரலின் அடிமூட்டுக்கு, அதாவது 5-ஆம் புள்ளிக்கு, மாற்றுங்கள். விரல்கள் சேரும்போது அது அவ்வளவாக அசையாது. இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால், விரல்கள் நெருங்கத் தொடங்கியதுமே கர்சரை உறையவைத்து, நெருங்கத் தொடங்கிய இடத்தையே கிளிக் இடமாக எடுத்துக்கொள்ளலாம்.

விரல் இடைவெளியைப் பிக்சலில் அளக்காதீர்கள்; கை பின்னால் போனாலே இடைவெளி சுருங்கிவிடும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் அடிமூட்டு வரையுள்ள தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எல்லையும் ஒன்றாக இருக்கக்கூடாது. உதாரணத்துக்கு, விகிதம் 0.2-க்குக் கீழே போனால் கிளிக் தொடங்கியது, 0.3-க்கு மேலே போனால்தான் விட்டது. ஒரே எல்லை வைத்தால் அந்தக் கோட்டிலேயே ஊசலாடி ஒரு கிளிக் ஏழெட்டாகிவிடும்.

கை நகர்ந்து அரை வினாடி கழித்துக் கர்சர் வருகிறது. ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) வாங்கினால் சரியாகுமா?

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஃபோனின் ஸ்லோமோஷனில், வினாடிக்கு 240 ஃபிரேமில், கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம்பிடியுங்கள். கை கிளம்பிய ஃபிரேமிலிருந்து கர்சர் கிளம்பிய ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லிவினாடி. நிரலுக்குள் நேரம் பார்க்கும் வரிகள் கேமராவின் தாமதத்தையும் திரையின் தாமதத்தையும் சொல்லாது.

அடிக்கடி அகப்படும் குற்றவாளி மாடல் அல்ல, வரிசை. ஓபன்சிவி வழியாக வரும் ஃபிரேம்கள் இடைக்கிடங்கில் (பஃபரில்) சேர்ந்து நிற்கும். உங்கள் நிரல் கேமராவைவிட மெதுவாக ஓடினால், நீங்கள் படிப்பது எப்போதும் பழைய ஃபிரேம். கேமராவைத் தனி திரெட்டில் ஓடவிட்டு, புதிய ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுங்கள். அடுத்த குற்றவாளி தானியங்கி எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளி வாங்கும் நேரத்தைக் கேமரா தானே மாற்றிக்கொள்வது. அறை இருட்டானால் பல வெப்கேம்கள் சத்தமில்லாமல் 30 ஃபிரேமிலிருந்து 15-க்கு இறங்கிவிடும். விளக்கைப் போடுவது ஜிபியுவைவிட மலிவு.

எவ்வளவு தாமதம் தாங்கும்? பொத்தானை அழுத்தியதற்குப் பதில் 100 மில்லிவினாடிக்குள் வந்தால் உடனே நடந்தது போலத் தோன்றும் என்பது நெடுநாள் கணக்கு. பொருளைப் பிடித்து இழுப்பது போன்ற வேலைகளில் அதைவிடக் குறைந்த தாமதமும் கண்ணில் படும்.

சோதனையில் 99 சதவீதத் துல்லியம். ஆனாலும் பயன்படுத்துபவர்கள் எரிச்சல்படுகிறார்கள். ஏன்?

கணக்குப் போடுவோம். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 1,800. ஃபிரேமுக்கு ஒரு சதவீதம் தவறினால், நிமிடத்துக்கு 18 தடவை அமைப்பு இல்லாததைப் பார்க்கிறது. ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பாட்டு நிற்கிறது, பக்கம் புரள்கிறது. தொடர்ந்து ஐந்தாறு ஃபிரேம் ஒரே பதில் வந்தால்தான் ஏற்பது என்று வைத்தால் இதில் பெரும்பகுதி அடங்கும்.

அடங்காதது இன்னொன்று. சோதனையில் நீங்கள் கொடுத்த படங்கள் எல்லாமே ஏதோ ஒரு சைகைதான். நிஜத்தில் மனிதர்கள் தலையைச் சொறிகிறார்கள், கண்ணாடியைச் சரிசெய்கிறார்கள், பக்கத்திலிருப்பவரிடம் கையை ஆட்டிப் பேசுகிறார்கள். மூடிய கையை மூடிய கை என்று சொன்னது தவறல்ல. ஆனால் அவர் உங்களுக்காக மூடவில்லை. வடிவத்தைச் சரியாகப் படித்தும் கருத்தைத் தவறாகப் படிக்கும் இந்த இடத்தில், மாடலை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் குறைவு.

தேவைப்படுவது ஒரு தாழ்ப்பாள்: இப்போது உன்னிடம்தான் பேசுகிறேன் என்று ஆள் சொல்வதற்கு ஒரு வழி. கை நெஞ்சு உயரத்துக்கு மேலே வந்து உள்ளங்கை கேமராவைப் பார்த்தால்தான் கேட்பது. முகம் திரையை நோக்கியிருந்தால்தான் கேட்பது. ஒரு காலால் அழுத்தும் பெடல். ஏன், ஸ்பேஸ்பாரை அழுத்திப்பிடிப்பதும்கூட. மதிப்பெண் போடுபவர்கள் முன் ஸ்பேஸ்பார் அழகாக இருக்காதுதான், ஆனால் வேலை செய்யும். அமைப்பு கேட்டுக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது திரையின் ஓரத்தில் எப்போதும் தெரியவேண்டும். பொத்தானை அழுத்தினால் விரலுக்குத் தெரிகிறது. காற்றை அழுத்தினால் ஒன்றும் தெரியாது. அந்தக் குறையைத் திரையோ ஒலியோதான் ஈடுசெய்ய வேண்டும்.

துல்லியத்தையும் வேறு மாதிரி எழுதுங்கள்: ஒரு மணி நேரச் சாதாரண வேலையில் எத்தனை தடவை கேட்காமலே கட்டளை நடந்தது?

எத்தனை சைகைகள் வைக்கலாம்?

மூன்று, நான்கு. பயனர் நினைவில் வைக்க வேண்டுமே. சினிமாவில் கதாநாயகன் இரண்டு கையையும் உயர்த்தி ஜன்னல்களைத் தள்ளுவதைப் பார்த்து மயங்கவேண்டாம். தோள் உயரத்தில் கையை நீட்டி வைத்திருந்தால் சில நிமிடங்களில் வலிக்கும். 1980-களில் செங்குத்துத் தொடுதிரைகள் வந்தபோதே இந்த வலிக்குக் ‘கொரில்லாக் கை’ என்று பெயர் வந்துவிட்டது. 2024-இல் வந்த, தலையில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் விஷன் புரோ, கையை மடியில் வைத்தபடியே விரல்களைச் சேர்த்தால் போதும் என்று அமைத்ததற்கும், அதற்காகவே கீழ்நோக்கிய கேமராக்கள் வைத்ததற்கும் இது நல்ல காரணம்.

கண் எங்கே பார்க்கிறதோ அங்கே கர்சரைக் கொண்டுபோக முடியுமா?

முடியும், எவ்வளவு நுணுக்கமாக என்பதுதான் கேள்வி. தனிக் கண்நோக்குக் கருவிகள் அகச்சிவப்பு விளக்கைக் கண்ணில் விழவைத்து, கண்மணியின் நடுவுக்கும் விழியின் முன்படலத்தில் தெரியும் மினுக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கின்றன. நல்ல நிலையில் பிழை ஒரு பாகை (டிகிரி) அளவுக்குள் இருக்கும். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பாகை என்பது திரையில் சுமார் ஒரு சென்டிமீட்டர். வெறும் வெப்கேமில் பிழை பல பாகை. நான்கு பாகை என்றாலே நாலு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். பெரிய பொத்தான்களுக்கு ஆகும், மெனுவுக்கு ஆகாது.

அதைவிடப் பெரிய தொல்லை, கண் பார்ப்பதற்காக இருக்கிறது, அழுத்துவதற்காக அல்ல. பார்த்ததெல்லாம் திறந்தால் படிக்கவே முடியாது. தொட்டதெல்லாம் பொன்னாகிய கிரேக்கப் புராண அரசனின் பெயரால் இதை ‘மைடாஸ் தொடுகை’ என்பார்கள். ஆய்வாளர் ராபர்ட் ஜேக்கப் 1990-இல் இதைப் பற்றி எழுதினார். ஓரிடத்தில் அரை வினாடி முதல் ஒரு வினாடி வரை பார்வை நிலைத்தால் கிளிக் என்பது ஒரு தீர்வு. பார்வையால் குறிபார்த்து, விரலாலோ சுவிட்சாலோ உறுதிசெய்வது அதைவிட நல்ல தீர்வு.

இயங்க முடியாதவர்களுக்கு இது உண்மையில் பயன்படுகிறதா?

அதிகம் பயன்படுவதே அங்கேதான். பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸ், மூக்கு நுனி போன்ற ஓர் இடத்தைப் பின்தொடர்ந்து கர்சரை நகர்த்தும். 2000-களின் தொடக்கத்திலிருந்தே தலையை மட்டும் அசைக்க முடிந்தவர்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2021-இல் ஆண்ட்ராய்டில் முகபாவத்தையே சுவிட்சாக வைக்கும் வசதி வந்தது. 2024-இல் ஐஃபோனில் முன்கேமரா வழியாகக் கண்ணால் இயக்கும் வசதி வந்தது.

இவர்களுக்குச் செய்யும்போது ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது. ஒருவருக்குத் தலை இடப்பக்கம் மட்டும் திரும்பும். இன்னொருவருக்குத் தன்னிச்சையான அசைவுகள் வரும். காலையில் சரியாக இருந்த அமைவு மாலையில் களைப்பில் ஒத்துவராது. வேகம், எல்லை, நிலைக்கும் நேரம் எல்லாவற்றையும் அவரோ உடனிருப்பவரோ எளிதில் மாற்றும்படி வையுங்கள். அதோடு, வேண்டாம் என்றால் நிறுத்தும் வழியும் அவர் கைக்கெட்ட வேண்டும்.

கைகளை அடையாளம் கண்டால் சைகை மொழியை மொழிபெயர்த்துவிடலாமா?

முடியாது. எழுத்துகளை விரலால் காட்டுவதை அடையாளம் காண்பது ஒரு நல்ல பயிற்சி. அது சைகை மொழி அல்ல. அந்த மொழிகளுக்குத் தனி இலக்கணம் உண்டு. புருவம், வாயசைவு, தோள் திரும்பும் பக்கம், முன்னால் உள்ள வெளியில் ஆட்களை நிறுத்தும் இடம் எல்லாம் அதில் சேர்த்தி. காது கேளாதோர் யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் இதைத் தொடங்குபவர்கள், யாரும் கேட்காத ஒன்றைக் கட்டி முடிப்பார்கள்.

முகத்தைப் பார்த்துப் பயனரின் மனநிலையைக் கண்டுபிடிக்கலாமா?

புருவம் சுருங்கியது என்று சொல்லலாம், கோபம் என்று சொல்லமுடியாது. 2019-இல் லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முக அசைவிலிருந்து உணர்ச்சியை நம்பகமாகப் படிக்கமுடியாது என்று எழுதினார்கள். வேலையிடத்திலும் கல்வி நிலையங்களிலும் இப்படிச் செய்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு தவிர, 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் நான் இதைச் செய்யமாட்டேன்.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் வேலை செய்கிறது, வெளியாட்களுக்குத் தகராறு செய்கிறது.

குழுவில் எல்லோரும் ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ், எப்படிக் காட்டினால் கணினிக்குப் பிடிக்கும் என்று தெரிந்து காட்டுகிறார்கள். வெளியிலிருந்து ஆட்களை வரவழையுங்கள். கருத்த தோல், சுருங்கிய கை, மோதிரம், முழுக்கைச் சட்டை, சக்கர நாற்காலி, குழந்தையின் சின்னக் கை என்று கலந்து வரட்டும். தோல் நிற விஷயம் வெறும் சந்தேகம் அல்ல. 2018-இல் ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் விற்பனையிலிருந்த முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தபோது, பாலினத்தைச் சொல்வதில் வெளிர்நிற ஆண்களுக்குப் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை போனது. நிறத்தை வைத்துத் தோலைப் பிரிக்கும் பழைய பாடக்குறிப்பு நிரல்களை இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்றே விட்டுவிடுங்கள்.

குறிபார்க்கும் வேலைகளை மவுஸோடு ஒப்பிட ஐஎஸ்ஓ 9241-411 தரத்தில் சோதனை முறை இருக்கிறது. இலக்கு தள்ளியும் சிறிதாகவும் இருந்தால் அதை எட்ட அதிக நேரம் ஆகும் என்று 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் சொன்ன விதியை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலும் மவுஸ்தான் ஜெயிக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையுறையோடு நிற்கும் அறுவைச் சிகிச்சை நிபுணருக்கோ கைவிரல் அசையாதவருக்கோ மவுஸ் போட்டியிலேயே இல்லை.

கேமரா எப்போதும் ஓடுவதை மக்கள் ஏற்பார்களா?

ஏற்கும்படி கட்டவேண்டும். படம் கணினியைவிட்டு வெளியே போகக்கூடாது. புள்ளிகளை எடுத்ததும் ஃபிரேமை அழித்துவிடுங்கள், வட்டில் எழுதவே வேண்டாம். பிழை தேடுவதற்காகச் சேமிக்கும் வரியை வெளியீட்டுப் பதிப்பில் அணைக்க மறப்பது பரவலான பழக்கம். பின்னால் நடந்துபோகிறவர் எதற்கும் சம்மதிக்கவில்லை என்பதால், அருகிலிருக்கும் ஒரு ஆளைத் தவிர மற்றவர்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். புள்ளிகள்தானே என்று அவற்றையும் குவித்து வைக்காதீர்கள். நடையின் தோரணையிலிருந்தே ஆளை அடையாளம் காணும் முறைகள் இருக்கின்றன. கேமராவுக்கு ஒரு மூடி வையுங்கள். மூடினாலும் மவுஸிலும் கீபோர்டிலும் எல்லா வேலையும் நடக்கவேண்டும்.